சீமோருக்கு யாரும் நல்ல முடிவு எழுத வேண்டாம்

(டிஸ்கி: ஃப்யூச்சராமா தொடர்ல வர்ற 'ஜுராசிக் பார்க்' எபிசோடோட கடைசி நிமிஷம் வரைக்கும் இங்க போட்டு உடைக்கப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வந்துடுங்க. இருபது நிமிஷம் சொச்சம்தான். கைக்குட்டை உங்க பொறுப்பு.)

ரொம்ப நாளா மனசுல கெடந்து புழுங்கிட்டிருந்த மேட்டர் இது. போன வாரம் வீட்டுல நடந்த ஒரு சின்னப் பஞ்சாயத்துல வெளியே வந்துடுச்சு. அதனால வழக்கமா போடுற மொக்கையை எல்லாம் ஓரங்கட்டிட்டு, இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸா சண்டை போடலாம்னு வந்திருக்கேன்.

யாரோட சண்டை? ஒரு கார்ட்டூன் நாயைப் பார்த்து அழுதவங்களோடதான். இன்னும் சரியாச் சொல்லணும்னா, அழுதுட்டு, அப்புறம் "அப்பாடா, அதைத்தான் பின்னாடி சரி பண்ணிட்டாங்களே"ன்னு மூஞ்சியைக் கழுவிட்டுப் போனவங்களோட.

முதல்ல தெரியாதவங்களுக்காக ஒரு சுருக்கம். ஃப்யூச்சராமா, சிம்ப்ஸன்ஸ் எடுத்த மாட் க்ரோனிங்கோட அடுத்த தொடர். டேவிட் எக்ஸ். கோஹனோட சேர்ந்து உருவாக்கினது. 1999 மார்ச்ல அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல்ல ஆரம்பிச்சது. ஃப்ரைன்னு ஒரு பீட்ஸா டெலிவரி பையன். நியூயார்க்ல இருக்கான். 1999 டிசம்பர் 31 ராத்திரி, ஒரு டெலிவரிக்குப் போன இடத்துல, ஆளை உறைய வைக்கிற பெட்டிக்குள்ள தவறி விழுந்துடுறான். ஆயிரம் வருஷம் கழிச்சு எந்திரிக்கிறான். அப்புறம் கிரகம் கிரகமா பார்சல் கொண்டு போற ஒரு கம்பெனியில வேலை. ஒத்தைக் கண்ணு கேப்டன், குடிகார ரோபோ, தள்ளாடுற பேராசிரியர்னு ஒரு கும்பல். வாராவாரம் விண்வெளியில ஏதாவது கூத்து. அவ்வளவுதான் தொடர்.

இதுல 2002 நவம்பர் 17 அன்னிக்கு ஒளிபரப்பானதுதான் நான் சொல்ற எபிசோட். எழுதினது எரிக் காப்லன். தலைப்பைத் தமிழ்ல எழுதினா டைனோசர் படம் மாதிரியே இருக்கும். ஆனா இந்த 'பார்க்' பூங்கா இல்லீங்க, நாய் குரைக்கிற 'பார்க்'. இங்கிலீஷ்ல எழுத்து வேற, நமக்கு ரெண்டும் ஒண்ணுதான் :)

ஃப்ரை ஒரு மியூசியத்துக்குப் போறான். இருபதாம் நூற்றாண்டு பீட்ஸா கடைன்னு தோண்டி எடுத்து வச்சிருக்காங்க. பார்த்தா, அவன் வேலை பார்த்த அதே கடை. உள்ள ஒரு நாய், கல்லாப் போய் உட்கார்ந்திருக்கு. அவன் வளர்த்த நாய். சீமோர். மூணு நாள் மியூசியம் வாசல்ல ஆட்டம் போட்டுப் போராடி அந்தக் கல்லை வாங்கிட்டு வர்றான். பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த், இந்த நாயைத் திரும்ப உயிரோட கொண்டு வரலாம், பழைய ஞாபகத்தோடயே கொண்டு வரலாம்ங்கிறார். பையனுக்குத் தலைகால் புரியலை. பந்து வாங்குறான், கூடை வாங்குறான்.

அவனோட உயிர் நண்பன் பெண்டருக்கு, அதாங்க அந்த ரோபோவுக்கு, பொறாமை. கல்லைத் தூக்கி எரிமலைக் குழம்புல வீசிடுது. அப்புறம் நண்பன் துடிக்கிறதைப் பார்த்து, தானே குதிச்சு எடுத்துட்டு வருது. எல்லாம் சரியாயிடுச்சு. மெஷின் ஓட ஆரம்பிக்குது. அப்ப பேராசிரியர் சும்மா ஒரு தகவல் சொல்றார்: இந்த நாய் சாகும்போது அதுக்கு வயசு பதினஞ்சு.

ஃப்ரை கணக்குப் போடுறான். நான் விட்டுட்டு வரும்போது அதுக்கு மூணு வயசு. அப்படின்னா நான் போன பிறகு பன்னிரண்டு வருஷம் வாழ்ந்திருக்கு. நல்லா வாழ்ந்திருக்கும். வேற யாராவது கிடைச்சிருப்பாங்க. என்னை மறந்திருக்கும். அதோட வாழ்க்கையில இப்பப் போய் நான் குறுக்கே நிக்கிறது நியாயமில்லை. நிறுத்துங்கங்கிறான்.

அடுத்து பழைய காட்சி. அன்னிக்கு ராத்திரி, நான் வர்ற வரைக்கும் இருன்னு அவன் சொல்லிட்டுப் போன அதே கடை வாசல். சீமோர் உட்கார்ந்திருக்கு. வெயில், மழை, பனின்னு பருவம் மாறி மாறிப் போகுது. பின்னணியில கானி ஃப்ரான்சிஸ் குரல்ல ஒரு பழைய பாட்டு. வசனமே கிடையாது. நாய் கிழடாகுது. படுக்குது. கண்ணை மூடுது. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு.

அவ்வ்வ்வ்...

சரி, மேட்டருக்கு வருவோம். இதைப் பார்த்தவங்க மூணு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிறாங்க.

முதல் கட்சி: "பொம்மைப் படத்துக்குப் போய் அழுவாங்களா?" இவங்களோட எனக்குச் சண்டையே இல்லை. பொம்மலாட்டத்துல நல்லதங்காளைப் பார்த்து விடிய விடிய அழுத ஊர்ல இருந்து வந்தவன்கிட்ட வந்து, கோட்டுப் படத்துக்கு அழலாமான்னு கேட்டா நான் என்ன சொல்ல? போயிட்டு வாங்க சாமி.

ரெண்டாம் கட்சி கொஞ்சம் படிச்ச கட்சி. "இது கண்ணீர் பிழியற டெக்னிக். நாய், பாட்டு, பனி. இது மூணையும் சேர்த்தா கல்லும் அழும். மலிவான வேலை"ங்கிறாங்க. இவங்களுக்குப் பதில் சொல்லணும்.

ஐயா, நாய் காத்திருக்கிறது மட்டும்தான் கதைன்னா நீங்க சொல்றது சரி. அதுக்கு ஜப்பான்ல நிஜ நாயே இருந்துச்சு. ஹச்சிகோ. பேராசிரியர் உவேனோ 1925 மே மாசம் இறந்து போனார். அது 1935 மார்ச்ல சாகுற வரைக்கும் ஷிபுயா ஸ்டேஷனுக்குப் போய் அவருக்காகக் காத்திருந்துச்சு. அது உயிரோட இருக்கும்போதே, 1934ல, சிலையும் வச்சுட்டாங்க. அங்க வருத்தம் இருக்கு. ஆனா தப்பு செஞ்சவங்க யாரும் இல்லை. செத்துப் போனவர் எப்படித் திரும்பி வருவார்?

சீமோர் கதை அது இல்லை. இங்க திரும்பி வந்தாச்சு! ஆயிரம் வருஷம் தாண்டி, எசமான் வந்து, கல்லை மடியில வச்சுட்டு, மெஷினையும் ஓட விட்டாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா நாய் கண்ணைத் திறந்து, யாருக்காகக் காத்திருந்துச்சோ அவனையே பார்த்திருக்கும். அதைத் தடுத்தது சாவு இல்லை, வில்லன் இல்லை. ஃப்ரையோட நல்ல மனசு. 'என்னை மறந்துட்டு நல்லா இருந்திருக்கும், அதைத் தொந்தரவு பண்ண வேண்டாம்'ங்கிற பெருந்தன்மை. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, விடை மட்டும் தப்பு. தப்புன்னு அவனுக்குத் தெரியவும் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொண்ணையும் கவனிங்க. இதே எபிசோட்ல ரெண்டு தப்பு நடக்குது. பெண்டர் செஞ்சது பொறாமையில செஞ்ச தப்பு. அது தப்புன்னு அதுக்கே தெரிஞ்சுது, குழம்புல குதிச்சுத் திருத்திக்கிச்சு. ஃப்ரை செஞ்சது அன்புல செஞ்ச தப்பு. தப்புன்னே தெரியாததால திருத்த வழியே இல்லை. கெட்ட எண்ணத்துல செஞ்சது சரியாயிடுது, நல்ல எண்ணத்துல செஞ்சது அப்படியே நின்னு போயிடுது. இதை இருபது நிமிஷத்துல, நடுவுல சிரிக்க வச்சுக்கிட்டே சொல்றதுக்குப் பேரு மலிவான வேலைன்னா, விலையுள்ள வேலை எதுன்னு கொஞ்சம் காட்டுங்க, கத்துக்கிறேன்.

அந்த ஆளுங்களுக்கு இதை மாத்தி எழுதவும் தெரியும். 2001ல 'த லக் ஆஃப் த ஃப்ரைரிஷ்'னு ஒரு எபிசோட் வந்துச்சு. தன்னோட அண்ணன் தன் பேரையும் அதிர்ஷ்ட இலையையும் திருடிட்டான்னு ஃப்ரை கறுவிக்கிட்டே போய் ஒரு கல்லறையைத் தோண்டுவான். அங்க கல்லுல எழுதியிருக்கும்: காணாமப் போன தம்பி ஞாபகமா அண்ணன் தன் மகனுக்கு அந்தப் பேரை வச்சிருக்கான். அங்கயும் அழுகைதான். ஆனா அங்க ஃப்ரைக்கு உண்மை தெரிஞ்சு போகுது, நாமளும் அவனும் சேர்ந்து அழுறோம். இங்க நாம தனியா அழுறோம், அவன் பக்கத்துல இல்லை. அதனாலதான் இது தொண்டையிலயே நிக்குது.

இன்னொரு சேதி. முதல்ல நாய்க்குப் பதிலா ஃப்ரையோட அம்மாவைத்தான் கல்லாக் கண்டெடுக்கிற மாதிரி யோசிச்சிருக்காங்க. பார்க்கிறவங்க தாங்க மாட்டாங்கன்னு அதை விட்டுட்டு நாய்க்கு வந்தாங்க. அழ வைக்கிறது மட்டும்தான் குறின்னா அம்மாவையே வச்சிருக்கலாமே? 2003ல எம்மி விருதுக்கும் இந்த எபிசோட் பரிந்துரையில இருந்துச்சு. விருதை வாங்கிட்டுப் போனது சிம்ப்ஸன்ஸ். வீட்டுப் பிள்ளைகிட்டயே தோத்துப் போச்சு :)

இப்ப மூணாம் கட்சி. என் சண்டை மொத்தமும் இவங்களோடதான்.

2003 ஆகஸ்ட்டோட ஃபாக்ஸ்ல தொடர் நின்னு போச்சு. 2007 நவம்பர்ல 'பெண்டர்ஸ் பிக் ஸ்கோர்'னு ஒரு படமா டிவிடியில திரும்பி வந்துச்சு. காலப்பயணக் கதை. அதுல ஃப்ரைக்கு ஒரு இரட்டை உருவாகி, 2000ல இருந்து 2012 வரைக்கும் அதே பீட்ஸா கடை மாடியில தங்கி, சீமோரோடயே வாழ்ந்துடுறான். கடைசியில பெண்டர் வந்து அந்த இடத்தைத் தகர்க்கும்போது நாய் சட்டுன்னு கல்லாயிடுது. ஆக, சீமோர் தனியா இல்லை, எசமான் கூடவே சந்தோஷமா இருந்துச்சு. வயசும் பதினஞ்சு, கணக்கும் டாண்ணு உட்கார்ந்துடுச்சு.

"பார்த்தீங்களா, சீமோர் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இனிமே ஜுராசிக் பார்க் பார்த்தா அழ வேண்டியதே இல்லை." எத்தனை பேர் இதை என்கிட்டயே சொல்லியிருக்காங்க தெரியுமா? காய்ச்சலுக்கு மாத்திரை சொல்ற மாதிரி சொல்வாங்க. இன்னும் சிலர் அந்தக் கடைசி நிமிஷத்துக்கு முன்னாடியே டிவியை அணைச்சுடுவாங்களாம். அது அவங்கவங்க இஷ்டம். அணைக்கிறவங்களுக்காவது அங்க என்ன இருக்குன்னு தெரியும். எனக்கு ஆகாதது, அங்க ஒண்ணுமே இல்லைன்னு சாதிக்கிறவங்களைத்தான்.

படத்தைத் திட்டலை. அந்த இரட்டை ஃப்ரைக்கும் லீலாவுக்கும் நடக்கிற கதை நல்ல கதை. படைச்சவங்களுக்கு மாத்தி எழுத உரிமையும் இருக்கு. அவங்க என்ன நினைச்சு எழுதினாங்கங்கிற ஆராய்ச்சிக்கும் நான் வரலை. அதை எடுத்து மருந்தாத் தடவிக்கிட்டவங்களைத்தான் கேட்கிறேன்: அங்க என்ன நடந்திருக்குன்னு யோசிச்சீங்களா? 2002ல ஃப்ரை போட்ட தப்பான விடையை 2007ல சரியான விடையா ஆக்கியாச்சு. 'நான் போன பிறகும் அது நல்லா வாழ்ந்திருக்கும்'னு அவன் நினைச்சான். ஆமா, நல்லாத்தான் வாழ்ந்துச்சு, முடிஞ்சது. பரீட்சையில பையன் தப்பா எழுதிட்டான், அழுறான்னு கேள்வியையே மாத்திட்டா எப்படி?

ஒரு நண்பர், நம்ம வட்டத்து ஆள்தான், போன்ல மகாபாரதத்தையே எடுத்தார். "தர்மபுத்திரர் நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னார், கடைசியில அது தர்மதேவதைன்னு நல்லபடியாத்தானே முடியுது? நம்ம ஆளுங்களே நாய்க்கு நல்ல முடிவு வச்சிருக்காங்க"ன்னார். அண்ணே, தர்மருக்கு நாய் பின்னாலயே வந்துச்சு. குனிஞ்சா தெரியும். கண்ணு முன்னாடி நிக்கிற நாயை விடமாட்டேன்னு சொல்றது பெரிய தர்மம்தான், ஒத்துக்கிறேன். ஆனா நம்மள்ல முக்காவாசிப் பேரு நாய் எங்க நிக்குதுன்னே தெரியாம, அது நல்லாத்தான் இருக்கும்னு நம்பிக்கிட்டுப் போனவங்க. நம்ம கதையை எந்தப் பர்வத்துல எழுதியிருக்கு?

"யப்பா, ஒரு கார்ட்டூனுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறே?"ன்னு கேட்பீங்க. சொல்றேன். இங்கதான் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கு.

1991. எனக்குப் பத்து வயசு. அம்பாசமுத்திரத்துல இருந்தோம். அப்பாவுக்கு சென்னைக்கு மாற்றல். எங்க வீட்டுல மணின்னு ஒரு நாய், செவலை, ஒரு காது மடிஞ்சிருக்கும். சென்னையில மாடி வீடு, நாய்க்கெல்லாம் இடமில்லைன்னு சொல்லிட்டாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில அப்பாவோட சிநேகிதருக்கு ஒரு தோப்பு. அங்க கொண்டு போய் விட்டோம். நானும் கூடப் போனேன். லீவுக்கு வருவேன், அதுவரைக்கும் இங்கயே இருன்னு மணிகிட்ட சொன்னேன். அப்படியே சொன்னேன்.

சென்னைக்கு வந்து ரெண்டு மாசம் அப்பாவை அரிச்சு எடுத்திருப்பேன். "மணி ஜம்முனு இருக்கானாம்டா. தோப்புல அணில் விரட்டிக்கிட்டு, நம்மளையெல்லாம் மறந்தே போயிட்டானாம்"னு அப்பா சொன்னார். லெட்டர் வந்திருக்குன்னும் சொன்னார். நான் நம்பினேன். கொஞ்சம் கோவமும் வந்துச்சு, அதுக்குள்ள மறந்துட்டானான்னு. அந்த லீவுக்குப் போகலை. அடுத்த லீவுக்கும் போகலை. மறந்து போனவனைப் போய் என்னத்தைப் பார்க்கிறது?

2006ல மேன்ஷன்ல ரூம் மேட் வச்சிருந்த சிடியிலதான் ஜுராசிக் பார்க் முதல்தடவை பார்த்தேன். அழுதேன். 2008 ஆரம்பத்துல அந்தப் படத்தையும் பார்த்தேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, நானும் அன்னிக்கு 'அப்பாடா'ன்னு நிம்மதியாத் தூங்கினவன்தான். மூணாம் கட்சியில நான் உறுப்பினர் அட்டையே வச்சிருந்தேன்.

அதே வருஷம் ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் போனேன். பழைய தெருவை எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. அடையாளம் கண்டுபிடிச்சு, காப்பி கொடுத்து, பேச்சோட பேச்சா சொன்னாங்க.

"ஒங்க நாயி இருந்துச்சுல்லா, மணி, நீங்க போயி மூணாம் நாளே பாலம் தாண்டி வந்துட்டுய்யா. ஒங்க வீட்டு நடையிலயே கெடந்துச்சு. புதுசா குடிவந்தவுக வெரட்டுவாக, தெருமுக்கு வரைக்கும் போயிட்டு திரும்ப வந்துரும். நாந்தான் சோறு வைப்பேன். ரெண்டு ஐப்பசி மழை பாத்துச்சு. அப்புறம் ஒருநா காலையில எந்திரிக்கல. ஒங்க அப்பாவுக்கு அப்பமே எழுதிப் போட்டமேய்யா."

நான் காப்பியைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன்.

சென்னைக்கு வந்து அப்பாகிட்ட கேட்டேன். "தெரியும்டா. நீ சாப்பிடாம அழுதுக்கிட்டு இருந்தே. என்ன பண்ணச் சொல்றே?"ன்னார். அவர்மேல எனக்குக் கோவம் இல்லை. பத்து வயசுப் பையன் சாப்பிடணுமேன்னு ஒரு தகப்பன் சொன்ன பொய். நல்ல மனசுல சொன்னது. ஆனா கணக்கைப் பாருங்க. ரெண்டு மழைக்காலம் அது அங்கேயே கெடந்திருக்கு. அதுக்குள்ள எனக்கு முழுப் பரீட்சை லீவு ஒண்ணு வந்துட்டுப் போச்சு. உண்மை தெரிஞ்சிருந்தா அழுதுருப்பேன், அடம் பிடிச்சிருப்பேன், தலைகீழா நின்னாவது நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறியிருப்பேன். போயிருந்தா அது அங்க இருந்திருக்கும். அந்த 'ஜம்முனு இருக்கான்' என் கண்ணீரை நிறுத்துச்சு. ஆனா மணிக்கு அதனால என்ன கிடைச்சுது? ஒண்ணுமில்லை. பதினேழு வருஷம், என் நாய் என்னை மறந்துட்டதுன்னு அது மேல ஒரு பழியையும் போட்டு வச்சிருந்தேன்.

இப்பப் புரியுதா மக்களே, நான் ஏன் குதிக்கிறேன்னு? ஆறுதல் முடிவு யாருக்கு ஆறுதல்? பார்த்து அழுதவனுக்கு. காத்திருந்ததுக்கு இல்லை. காத்திருந்ததுக்கு நாம கொடுக்கக் கூடியது ஒண்ணே ஒண்ணுதான், அது காத்திருந்துச்சுங்கிறதை ஒத்துக்கிறது. அதையும் பிடுங்கிட்டு, 'அதெல்லாம் காத்திருக்கவே இல்லை, சந்தோஷமா இருந்துச்சு'ன்னு சொல்றோம் பாருங்க... அதுக்கு நம்ம மனசு லேசாகணும்ங்கிறதைத் தவிர வேற காரணமே இல்லை.

போன வாரப் பஞ்சாயத்து என்னன்னா, மகளுக்கு இப்பப் பன்னிரண்டு வயசு. தொடர் 2023ல மறுபடி உயிர் பெற்று வந்ததுல இருந்து அவளுக்கும் அது பழக்கம். பழைய எபிசோட்ல ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டு வந்தவ, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஜுராசிக் பார்க்குக்கு வந்துட்டா. முடிஞ்சதும் தேம்பல். தங்கமணி அடுப்படியில இருந்து ஓடி வந்து, விவரம் கேட்டுட்டு, "என்னங்க, அந்த டிவிடி படத்துல நாய் நல்லா இருக்கும்னு சொல்வீங்கள்ல, அதைப் போட்டுக் காட்டிட்டுத் தூங்க வைங்க. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை"ன்னாங்க.

"மாட்டேன்"னேன்.

"புள்ள அழுதுக்கிட்டு இருக்கு, இதுல என்ன கொள்கை வேண்டிக் கிடக்கு?"ன்னாங்க. நியாயமான கேள்விதான். என்கிட்ட நல்ல பதில் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குக் கொள்கை பேசுற புருஷனைப் பார்த்து அவங்க பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.

மகள் கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு கேட்டா, "அப்பா, அப்போ ஃப்ரைக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாதா?"

"இந்தக் கதையில தெரியாதும்மா."

"யாராவது அவன்கிட்ட சொல்லணும்ல?"

பாருங்க, நாய்க்கு நல்ல முடிவு வேணும்னு அவ கேட்கலை. ஃப்ரைகிட்ட யாராவது சொல்லணும்னு கேட்டா. இருபது வருஷமா பெரியவங்க பண்ணிக்கிட்டிருக்கிற தர்க்கத்துல, பன்னிரண்டு வயசுப் பிள்ளை நேரா அந்த இடத்துல போய்க் கையை வச்சுட்டா.

அப்புறம்தான் அவளுக்கு மணி கதையைச் சொன்னேன். இத்தனை வருஷத்துல முதல்தடவையா. ஆச்சி சொன்னது, பாலம் தாண்டி வந்தது, ரெண்டு ஐப்பசி, எல்லாம். அவ மறுபடி அழுதா. நானும்தான். தங்கமணி ஒண்ணும் பேசாம வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. பரீட்சை எப்படி எழுதினான்னு கேட்காதீங்க, சுமார்தான்.

ஆகவே மூணாம் கட்சி நண்பர்களே, 2007 படத்தைப் பாருங்க, சிரிங்க, வேணாங்கலை. அது ஒரு கதை, இது ஒரு கதைன்னு வச்சுக்கோங்க. ஆனா தயவுசெஞ்சு அதை எடுத்துட்டு வந்து, கடை வாசல்ல படுத்திருக்கிற சீமோர் மேல போர்த்தி மூடாதீங்க. அது காத்திருந்துச்சு. அவ்வளவு காலம் காத்திருந்த ஒண்ணுக்கு, ஒரு நிமிஷம் அழுறதுக்குக் கூட நமக்கு வலிக்குதுன்னா எப்படிங்க?

பி.கு: திட்டுறவங்க தாராளமாத் திட்டலாம். "பரீட்சைக்கு முந்தின நாள் புள்ளையை அழ வச்ச கதையைப் பெருமையா எழுதி வச்சிருக்கீங்க"ன்னு தங்கமணி ஏற்கனவே போணி பண்ணியாச்சு.